தொழில் தொடங்குபவரின் பின்புலமும் தொழிலின் ஆயுளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, வயது, குடும்பம், கையிருப்பு, முன் அனுபவம். தொழில் தொடங்கப் போகிறவர் தன்னிடம் இருப்பதையும் இல்லாததையும் எண்ணிப் பார்க்கும்போது இவைதான் முதலில் மனதுக்கு வரும். இவற்றில் எது உண்மையிலேயே தொழிலைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது, எதற்கு நாம் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

புதுத் தொழில்களில் பத்துக்கு ஒன்பது மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, ஆள் வைத்து நடத்தும் நிறுவனங்களைத் தொடங்கிய ஆண்டுவாரியாகப் பிரித்துத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. அதன்படி முதல் ஆண்டுக்குள் மூடப்படுபவை சுமார் 20 சதவீதம். ஐந்து ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதி நிற்கின்றன. பத்து ஆண்டு தாண்டுபவை மூன்றில் ஒரு பங்கு. பொருளாதாரம் நன்றாக இருந்த காலத்திலும் மந்தமான காலத்திலும் இந்த எண்கள் பெரிதாக மாறவில்லை.

ஆரம்ப வருடங்கள்தான் ஆபத்தானவை என்பதும் பழைய விஷயம். சமூகவியலாளர் ஆர்தர் ஸ்டின்ச்கோம் 1965-லேயே இதற்குக் காரணம் சொன்னார். புது நிறுவனத்தில் யார் எதைச் செய்வது என்பதே இனிமேல்தான் பழக வேண்டும், வெளியாட்கள் யாரும் இன்னும் அதை நம்பத் தொடங்கவில்லை, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நிறுவனரின் பின்புலம் கைகொடுக்கிறது என்றால் இந்த மூன்று இடத்தில்தான் முதலில் கைகொடுக்க வேண்டும்.

சரி, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

அதே தொழிலில் முன்பு வேலை பார்த்திருப்பது. தயக்கமில்லாமல் இதைத்தான் சொல்வேன்.

இதை மிகப் பொறுமையாக ஆராய்ந்தவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளாதார அறிஞர் ஸ்டீவன் கிளெப்பர். அமெரிக்காவில் கார் தயாரிக்க இறங்கிய 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தேடி, யார் தொடங்கியது, அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், நிறுவனம் எத்தனை வருடம் இருந்தது என்று வரிசைப்படுத்தினார். எந்த அனுபவமும் இல்லாமல் வந்தவர்களின் நிறுவனங்கள் சீக்கிரம் மறைந்தன. சைக்கிள், குதிரை வண்டி, எஞ்சின் போன்ற பக்கத்துத் தொழில்களிலிருந்து வந்தவை அவற்றைவிட நீடித்தன. நன்றாக நடந்துகொண்டிருந்த கார் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து தனியாகத் தொடங்கியவர்களும் நீண்ட காலம் நின்றார்கள். டெட்ராய்ட் கார் நகரமானதற்கே இதுதான் காரணம் என்பது அவருடைய வாதம். ஓல்ட்ஸ் போன்ற ஓரிரு நல்ல நிறுவனங்கள் அங்கே அமைந்தன, அவற்றிலிருந்து பிரிந்தவை அருகிலேயே தொடங்கின, அவற்றிலிருந்து மறுபடியும் பிரிந்தன.

தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அந்தத் துறையில் முன்னணிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே ரேடியோ தயாரித்தவர்கள் என்பதை கிளெப்பரும் கென்னத் சைமன்ஸும் காட்டினார்கள். கணினிச் சில்லுகள் செய்யும் செமிகண்டக்டர் துறையிலும் பாருங்கள்: 1957-ல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் அங்கிருந்து பிரிந்து இன்டெல்லைத் தொடங்கினார்கள்.

அதே துறையில் இருந்தவருக்கு மற்றவருக்குத் தெரியாதது அப்படி என்ன தெரியும்?

வெளியே இருந்து பார்த்தால் தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள். இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது, ஒரு அச்சகத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வாடிக்கையாளர் 5,000 பல வண்ணத் துண்டறிக்கைக்கு விலை கேட்கிறார். புதிதாக அச்சகம் வைத்தவர் 5,000-க்கு எவ்வளவு தாள், எவ்வளவு மை, எத்தனை மணி நேரக் கூலி என்று போட்டு, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்லுவார். பத்து வருடம் அச்சகத்தில் இருந்தவர் முதலில் வேஸ்ட் தாளைச் சேர்ப்பார். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை மெஷின் தாளைத் தின்றுகொண்டே இருக்கும். சிறிய ஆர்டரில் இந்தச் சேதம் விலையில் பெரிய பங்கு. அப்புறம் வெட்டும்போதும் மடிக்கும்போதும் கெடுகிற தாள். அப்புறம், வாடிக்கையாளர் புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அச்சடித்தால் நாளை ‘நிறம் வேறு மாதிரி இருக்கிறது’ என்று வந்து நிற்பார் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சொல்லும் விலையில் சிறிய வித்தியாசம்தான் இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம்தான் புதியவருடைய மொத்த லாபமும். விலை குறைவாக இருப்பதால் ஆர்டரும் அவருக்கே வரும், வருகிற ஒவ்வொரு ஆர்டரிலும் கையைக் கடிக்கும்.

இதைவிடக் கொடியது வசூல். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு 100 ரூபாய் சரக்கு கொடுக்கிறோம், அதற்கான செலவு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 20 லாபம். தாள் கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் போக வேண்டும், சம்பளம் மாதா மாதம் போக வேண்டும், அந்தப் பெரிய நிறுவனமோ 90 நாள் கழித்துத்தான் பணம் கொடுக்கும். மாதா மாதம் அதே அளவு ஆர்டர் வந்தால் முதல் ரூபாய் உள்ளே வருவதற்குள் 240 வெளியே போயிருக்கும். வியாபாரம் இரண்டு மடங்கானால் கையிலிருந்து போட வேண்டியது 480. ஆர்டர் குவிந்துகொண்டிருக்கும்போதே பணமில்லாமல் கதவை மூடும் தொழில்கள் இப்படித்தான் மூடுகின்றன. எந்த நிறுவனம் எத்தனை நாளில் பணம் தரும், யாரிடம் முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடக்கூடாது என்பது அந்தத் துறையில் இருந்தவருக்கு மனப்பாடம். இதை எந்தப் பாடப்புத்தகமும் பெயர் போட்டுச் சொல்லாது.

மூன்றாவது, ஆட்கள். முதல் ஆர்டர் தரப்போகிறவருக்கும் கடனுக்குச் சரக்கு தரப்போகிறவருக்கும் அவரை ஏற்கெனவே தெரியும். புதியவர் ரொக்கம் கொடுத்து வாங்கும் சரக்கை இவர் ஒரு மாதக் கடனில் வாங்குவார். மேலே சொன்ன 240-ல் ஒரு பகுதியை அந்த நம்பிக்கையே ஏற்றுக்கொள்கிறது.

இளம் வயதில் தொடங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்கிறார்களே?

இது ஒரு பெரிய தப்பெண்ணம். இதனால் நாற்பது தாண்டிய பலர் இறங்காமலே இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ், டேனியல் கிம், ஹேவியர் மிராண்டா ஆகியோர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பதிவுகளை வைத்து, 27 லட்சம் நிறுவனர்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். ஒருவரையாவது வேலைக்கு வைத்த நிறுவனர்களின் சராசரி வயது 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களை மட்டும் எடுத்தால் தொடங்கியபோது சராசரி வயது 45. அதே துறையில் மூன்று வருடமாவது வேலை பார்த்தவர்கள் பெரிய வெற்றி பெறும் வாய்ப்பு, அந்தத் துறையே தெரியாதவர்களைவிட 85 சதவீதம் அதிகம்.

பில் கேட்ஸ் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியபோது அவருக்கு 19 வயது என்பார்கள், உண்மைதான். ஆனால் அவர் 13 வயதிலிருந்தே, கணினி பார்ப்பதே அரிதான காலத்தில், நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த 19 வயதுக்காரர் அந்தத் துறையில் அனுபவசாலி.

பட்டப்படிப்பு எவ்வளவு உதவும்?

உதவும், ஆனால் நேராக அல்ல. 1990-ல் டிமோத்தி பேட்ஸ் செய்த ஆய்வில், அதிகம் படித்தவர்களின் சிறு தொழில்கள் கூடுதல் காலம் நீடித்தன. கூடவே, அவர்களுக்கு வங்கிக் கடனும் அதிகம் கிடைத்தது. அதாவது படிப்பின் பலனில் ஒரு பங்கு, கடன் கொடுப்பவர் அந்தப் பட்டத்தைப் பார்ப்பதால் வருகிறது.

தொடங்கும் தொழிலோடு பொருந்தும் படிப்பா என்பதும் முக்கியம். வேலை போனதால் வேறு வழியில்லாமல் தொழில் தொடங்கியவர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று பொதுவாக ஒரு கருத்து உண்டு. ஜெர்மனியில் யோர்ன் பிளாக், பிலிப் சாண்ட்னர் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தொழிலுக்குரிய துறையில் கல்வித் தகுதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. வேலை இழந்து வந்தவரா, விரும்பி வந்தவரா என்பதைவிடத் தெரிந்த தொழிலில் இறங்கினாரா என்பதுதான் பேசுகிறது.

குடும்பத்தில் யாரும் வியாபாரம் செய்ததில்லை. எனக்கு அது பெரிய குறையா?

நினைக்கும் அளவுக்கு இல்லை. ராபர்ட் ஃபேர்லியும் அலிசியா ராபும் அமெரிக்கச் சிறு தொழில் உரிமையாளர்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்பத்தில் சொந்தத் தொழில் செய்தவர் ஒருவர் இருந்தார். அது அவர்களைத் தொழில் பக்கம் இழுத்திருக்கலாம். ஆனால் தொழில் நன்றாக நடப்பதற்கு அப்படி ஒருவர் இருப்பது மட்டும் பெரிதாக உதவவில்லை. அவருடைய தொழிலில் தானும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. தொழிலையே சொத்தாகப் பெற்றவர்களோ இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே அப்பா முதலாளி என்பது பின்புலமாகாது. அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்து மாலைக் கணக்கு முடித்ததுதான் பின்புலம். அந்த வேலையை வேறொருவரின் கல்லாவிலும் கற்றுக்கொள்ளலாம்.

பணக்காரர் தொடங்கினால் நிலைக்கும், ஏழை தொடங்கினால் நிலைக்காது. இதுதானே யதார்த்தம்?

பணத்துக்கு வேலை உண்டு, அதை மறுக்க முடியாது. டக்ளஸ் ஹோல்ட்ஸ்-ஈக்கினும் உடன் ஆய்வாளர்களும் 1994-ல், பரம்பரைச் சொத்து கைக்கு வந்த சுயதொழில்காரர்களைப் பார்த்தார்கள். பணம் வந்தவர்கள் தொழிலில் நீடிக்கும் வாய்ப்பு கூடியது. ஆனால் எவ்வளவு? 1,50,000 டாலர் வந்தவருக்கு 1.3 சதவீதப் புள்ளி. அதே சமயம், நீடித்தவர்களின் வியாபாரம் சுமார் 20 சதவீதம் பெரிதானது. பணம் தொழிலைப் பெரிதாக்கும் அளவுக்கு ஆயுளை நீட்டவில்லை.

என் பார்வையில் பணத்தின் முக்கிய வேலை அவகாசம் வாங்கித் தருவது. தப்பான விலை, தப்பான ஆள், தப்பான இடம் என்று எல்லாருக்கும் தப்பு நடக்கும். கையிருப்பு உள்ளவர் திருத்திக்கொண்டு இரண்டாம் முறை முயல்வார். இல்லாதவருக்கு முதல் தப்பே கடைசியாகிவிடும். இது நியாயமில்லை. தொழில் தொடங்கக் கடன் கொடுக்கும் திட்டங்கள் முதலீட்டுச் செலவோடு நிறுத்திக்கொள்ளாமல், முதல் வருட நடைமுறைச் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்படியானால் வேலையை விடாமல் பக்கத்தில் தொடங்கலாமா? அரை மனது என்று சொல்கிறார்களே?

தொடங்கலாம். ஜோசப் ராஃபியும் ஜீ ஃபெங்கும் 2014-ல் காட்டியது: வேலையில் இருந்தபடியே சிறிதாகத் தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலை விட்டு வெளியேறும் அபாயம், ஒரேயடியாக வேலையை விட்டுக் குதித்தவர்களைவிட 33 சதவீதம் குறைவு. ஓடாது என்று தெரிந்தால் பெரிய நஷ்டமில்லாமல் விட்டுவிடலாம், ஓடும் என்று தெரிந்தால் அதற்குள் கொஞ்சம் கற்றும் இருப்போம். தற்போதைய முதலாளியோடு போட்ட ஒப்பந்தம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை ஜெயிப்பாரா?

‘தோல்வியே படிக்கட்டு’ என்று சொல்லி அனுப்புவது எளிது. எண்கள் அவ்வளவு தாராளமாக இல்லை. பால் கோம்பர்ஸும் உடன் ஆய்வாளர்களும் வென்ச்சர் கேபிடல், அதாவது வேகமாக வளரக்கூடிய புது நிறுவனங்களில் பங்குக்காகப் போடப்படும் முதலீடு, பெற்ற நிறுவனர்களை ஆராய்ந்தபோது, முன்பு ஒரு நிறுவனத்தைப் பங்குச்சந்தை வரை கொண்டுபோனவர் அடுத்ததிலும் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். முதல்முறை வந்தவருக்கும் முன்பு தோற்றவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், சுமார் 20. தோற்றவர் புதியவரைவிட மோசமில்லை, பெரிய அளவில் மேலும் இல்லை.

எதில் தோற்றார், தோற்ற பின் என்ன மாற்றினார் என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டைப் பாருங்கள். எடிசன் இல்லுமினேட்டிங் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர், 1899-ல் டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனியில் இறங்கினார். அது 1901-ல் கலைந்தது. அதே ஆண்டு இன்னொரு நிறுவனம் அவர் பெயரிலேயே தொடங்கியது, முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் 1902-ல் வெளியேறினார். அவர் விட்டுப்போன அந்த நிறுவனம்தான் கேடிலாக் ஆனது. 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி தொடங்கும்போது அவருக்கு 39 வயது. மூன்று முறையும் அவர் துறையை மாற்றவில்லை, அதே கார்தான்.

கூட்டாளி வேண்டுமா, தனியாகவே போதுமா?

கூட்டாளி இருந்தால்தான் நிலைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டித் தொடங்கியவர்களை ஜேசன் கிரீன்பெர்க், ஈதன் மோலிக் இருவரும் ஆராய்ந்தபோது, தனியாளாகத் தொடங்கியவை கூட்டாகத் தொடங்கியவற்றைவிட அதிக காலம் நீடித்தன. உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்றால் சேருங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகப் பங்கு கொடுக்காதீர்கள்.

பெண்கள் தொடங்கும் தொழில்கள் சீக்கிரம் மூடப்படுவதாகச் சொல்கிறார்களே, திறமைக் குறைவா?

இல்லை, பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் மானியம் கொடுத்துப் பார்த்தார்கள் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்ஸி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகியோர். 2008-ல் வந்த முடிவில், ஆண்களின் லாபம் கூடியது, பெண்களின் லாபம் சராசரியாகக் கூடவில்லை. பலர் அதோடு முடிவு கட்டிவிட்டார்கள். 2019-ல் வேறு ஆய்வாளர்கள் இந்தியா, இலங்கை, கானா நாடுகளின் விவரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால், மனைவி பெயரில் வந்த பணம் அந்தத் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண் மட்டுமே தொழில் செய்த இடங்களில் லாபம் நன்றாகவே கூடியது. திறமையை அளக்கிறோம் என்று நினைத்து வீட்டின் பணப் போக்கை அளந்திருக்கிறார்கள்.

தெரிந்த ஊரில் தொடங்குவதா, சந்தை பெரிதாக இருக்கும் ஊருக்குப் போவதா?

டென்மார்க்கின் பதிவேடுகளை வைத்து மைக்கேல் டாலும் ஒலாவ் சோரன்சனும் 2012-ல் வெளியிட்ட முடிவு ஆச்சரியமானது. நிறுவனர் நீண்ட காலம் வாழ்ந்த பகுதியில் தொடங்கிய தொழில்கள் அதிக காலம் நீடித்தன, லாபமும் அதிகம். அந்தப் பலன், அதே துறையில் வேலை பார்த்த அனுபவம் தரும் பலனுக்கு ஈடான அளவில் இருந்தது. ஆட்களைத் தெரிந்திருப்பதும் ஒரு அனுபவம்தான்.

தொழில் மூடியது என்றாலே தோல்வி என்று கொள்ளலாமா?

கூடாது. நல்ல வேலை காத்திருப்பவர், தொழில் சுமாராக ஓடினால்கூட மூடிவிட்டுப் போய்விடுவார். வேறு வழியில்லாதவர் நஷ்டத்திலும் இழுத்துக்கொண்டு இருப்பார். ஹேவியர் கிமேனோவும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: ஒவ்வொருவருக்கும் ‘இதற்குக் கீழே போனால் விட்டுவிடுவேன்’ என்று ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோடு ஆளுக்கு ஆள் மாறும். மேலே சொன்ன ஆய்வுகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எனக்கு அனுபவம், பணம், குடும்பப் பழக்கம் எதுவும் இல்லை. பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் போதுமா?

எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்காரர்களை வைத்து நடந்த சோதனை 2017-ல் வெளியானது. கணக்கு, விற்பனை என்று வழக்கமான பாடம் படித்தவர்களுக்குத் திட்டவட்டமாகச் சொல்லும்படி லாபம் உயரவில்லை. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் மாற்று வழி யோசிப்பது போன்றவற்றைப் பழக்கிய பயிற்சியில் சேர்ந்தவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள்.

இன்னும் தொடங்காதவருக்கு என் யோசனை, தொடங்க நினைக்கும் தொழிலிலேயே ஓரிரு வருடம் வேலைக்குச் சேருங்கள். முடிந்தவரை சிறிய நிறுவனமாகப் பாருங்கள், அங்கேதான் ஒரே ஆள் கொள்முதலும் பார்ப்பார், வசூலுக்கும் போவார், வாடிக்கையாளரின் புகாரையும் கேட்பார். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வசூல் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யார் எத்தனை நாளில் பணம் தருகிறார், எந்த வேலையில் கணக்குக்கும் நிஜத்துக்கும் இடைவெளி விழுகிறது என்று குறித்துவையுங்கள். அந்த நிறுவனத்தின் ரகசியங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது தப்பு, வழக்கும் வரும். சந்தித்த மனிதர்களிடம் நல்ல பெயர் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் ஆறு மாதச் செலவுக்காவது பணம் சேர்ந்துவிட்டால், நீங்கள் பின்புலம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.